முன்வரிசையும் பின்வரிசையும்



மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் பாதையில், மாலை ஐந்து மணிக்குமேல் பஸ்ஸின் ஜன்னலோரம் அமர்ந்து வருபவர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார். தேயிலையோ இறப்பரோ கொக்கோவோ நிற்கும் சரிவுகளுக்கிடையே உள்ளங்கை அகலத்தில் ஒரு சமநிலம். அதில் நட்ட இரண்டு கமுகந் தூண்கள். அவற்றுக்கிடையே ஆங்காங்கு முடிச்சுப் போட்டுத் திருத்திய ஒரு வலை. வலைக்கு இருபுறமும் வேலை முடிந்து வந்த இளைஞர்கள். இது நமது கரப்பந்தாட்டம். தமிழகத்து நேயர்கள் இதனைக் கைப்பந்து என்பர். தோட்டத்து மக்கள் இரண்டு பெயரையும் விட்டுவிட்டு வொலிபோல் என்றே சொல்லுவர். 1991ஆம் ஆண்டிலே இலங்கையின் தேசிய விளையாட்டு என்ற பட்டமும் இதற்குக் கிடைத்தது.

இவ்விளையாட்டின் வரலாற்றைப் பற்றிப் பேச முடியுமா என்று என்னைக் கேட்டபோது, வெற்றிக் கிண்ணங்களின் வரலாற்றைச் சொல்லும் தகுதி எனக்கில்லை என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஆட்டக்காரர் நிற்கும் இடத்தின் வரலாறு. வலையருகே நிற்பவர் யார், பின்னே நிற்பவர் யார், அதனைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அது. கேட்பதற்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். பின்வரிசையில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நின்றவனுக்கு அது சிறு விஷயமன்று.

நான் பிறந்து வளர்ந்தது இம்மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில். தந்தையார் பால் வெட்டும் தொழிலாளி. 1980களின் நடுப்பகுதியில், எனக்குப் பதினைந்து வயதானபோது, பெரட்டுக் களத்தில் பெரியவர்களோடு சேர்ந்து ஆட அனுமதி கிடைத்தது. 1983 யூலைக்குப் பின்னர் அக்களத்தில் வெகுநாள் வலை கட்டப்படவில்லை. மறுபடியும் வலை ஏறிய அன்று தோட்டமே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வலையின் நடுவே, முன்வரிசையில், கணக்கப்பிள்ளை ஐயாவின் மகன் நின்றார். பந்து அவருடையது. அவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவர் லொறிச் சாரதியின் மகன். பின்வரிசையில் லயத்துப் பிள்ளைகள். சேர்விஸ் மாறும், புள்ளி மாறும், பக்கங்கூட மாறும். நின்ற இடம் மட்டும் மாறாது.

எழுதாத சட்டங்கள் வேறு பல இருந்தன. இரண்டாவது தொடுகை லொறிச் சாரதியின் மகனுக்கே உரியது. வேறொருவர் தொட்டால் முகங்கள் சுருங்கும். இருவருக்கு நடுவே பந்து வந்தால், ‘விடு’ என்று முன்னவர் குரல் கொடுப்பார். பின்னவர் விட்டுவிட வேண்டும். அப்படி விட்ட பந்து தரையில் விழுந்தால், பிழை விட்டவனுடையது. முன்னவர் அறைந்த பந்து எல்லைக்கு வெளியே பத்தடி தள்ளி விழுந்தாலும், ‘பரவாயில்லை, நல்ல அடி’ என்று எல்லோரும் சொல்ல வேண்டும். பின்னவன் ஒரு பந்தைத் தவறவிட்டால் அந்த ஆட்டம் முடியும்வரை அதே பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, பந்து சரிவில் உருண்டு கானுக்குள் விழுந்தால் இறங்கி எடுத்து வருவது யார் என்று எவரும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கானின் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

ஒரு நாள் நான் வாய் திறந்தேன். பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியர் சுழற்சி விதியைக் கற்பித்திருந்தார். சேர்விஸ் நம் பக்கம் திரும்பியதும், ‘விதிப்படி இப்போது எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டும், நான் முன்னே வரவேண்டும்’ என்றேன். கணக்கப்பிள்ளை மகன் கோபிக்கவில்லை. சிரித்தபடியே, ‘தம்பி, விதி புத்தகத்தில் இருக்கட்டும், பந்து என்னுடையது’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பின்னே போய் நின்றேன். அவர் தீயவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். பிற்காலத்தில் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதற்கு எனக்குத் துணை நின்றவர் அவரே. ஆயினும் அந்தச் சிரிப்பு என்னைவிட்டுப் போகவில்லை. அந்த விதியை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று தேடிப் படிக்கத் தூண்டியதும் அச்சிரிப்புத்தான்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்றொரு நகரம். அங்கே கிறித்தவ வாலிபர் சங்கத்தில், அதாவது வை.எம்.சி.ஏ.யில், உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்தவர் வில்லியம் மோர்கன். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1891இல், அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். அது இளைஞருக்கு ஏற்றது. ஓட்டமும் மோதலும் மிகுந்தது. மோர்கனிடம் மாலையில் வந்தவர்களோ அலுவலகத்திலும் கடையிலும் நாள் முழுவதும் இருந்து களைத்த நடுவயதினர். அவர்கள் ஒருவரோடொருவர் மோதாமல் விளையாட ஏதேனும் வேண்டும் என்று கருதி, 1895இல் அவர் டெனிஸ் வலையொன்றைச் சராசரி மனிதனின் தலைக்குச் சற்று மேலே, ஆறடி ஆறங்குல உயரத்தில், கட்டினார். பந்தைப் பிடிக்கக் கூடாது. தட்டித் தட்டி அப்பால் அனுப்ப வேண்டும். ‘மின்டனெற்’ என்பது அவர் வைத்த பெயர். மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் இதனை ஆடிக் காட்டியபோது இரண்டு அணிகளிலும் ஐவர் ஐவராக நின்றார்கள். ஓர் அணிக்குத் தலைவர் ஹோலியோக் நகர மேயர். மற்ற அணிக்குத் தலைவர் தீயணைப்புப் படைத் தலைவர். அங்கே அதனைப் பார்த்த அல்ஃபிரெட் ஹால்ஸ்டெட் என்பவர், பந்து தரையில் படாமல் பறந்தவண்ணம் இருப்பதைக் கவனித்து, வொலிபோல் என்ற பெயரைச் சொன்னார், அதுவே நிலைத்தது.

மோர்கனின் முதல் விதிகளைப் படிக்கும்போது எனக்கு எங்கள் பெரட்டுக் களம் நினைவுக்கு வரும். ஓர் அணியில் எத்தனை பேரும் ஆடலாம். பந்தை எத்தனை முறையும் தட்டலாம். என் தந்தையார் தம் இளமைக்கால ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுகையில், வந்தவர் எல்லோரும் இரு கூறாகப் பிரிந்து நின்று ஆடினோம் என்பார். மேயருக்கும் பால் வெட்டுபவருக்கும் தொடக்கத்தில் ஒரே சட்டந்தான் இருந்திருக்கிறது.

சுழற்சி முறை விதிப்புத்தகத்துக்குள் வந்த ஆண்டு 1912. அவ்வாண்டிலே விதிகள் சீர்செய்யப்பட்டன. வலையின் உயரம் ஏழரை அடியாயிற்று, ஆடுகளம் பெரிதாயிற்று, சேர்விஸ் போடும் முறை தன் பக்கம் வந்ததும் அணியினர் ஓரிடம் நகர வேண்டும் என்றும் ஏற்பட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: அப்போது முன்வரிசைக்கு இன்றைய மவுசு இல்லை. பந்தை உயரத் தூக்கிக்கொடுக்க, மற்றொருவர் எழும்பி அறையும் முறை அதற்குப் பின்னரே வந்தது. அதனைத் தந்தவர்கள் அமெரிக்கர் அல்லர், பிலிப்பைன்ஸ் நாட்டவர். 1910இல் எல்வுட் பிரவுண் என்ற வை.எம்.சி.ஏ. அலுவலர் மணிலாவுக்கு இவ்விளையாட்டைக் கொண்டுசென்றார். ஆறே ஆண்டுகளில், 1916 அளவில், அந்நாட்டு ஆட்டக்காரர் அதனுள் ஒரு வெடிகுண்டை வைத்தார்கள். அந்த அடிக்குப் ‘பொம்பா’ என்றே பெயர். அன்றுமுதல் வலையருகே நிற்பவர் வீரர். பின்னே நிற்பவர் அவருக்குப் பந்து எடுத்துக் கொடுப்பவர். முன்னே நிற்கும் இடத்துக்கு ஒரு விலை ஏற்பட்டுவிட்டது.

சுழற்சி விதியை வகுத்தவர்கள் இதனை முன்கூட்டி அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அறை வந்தபின் அந்த விதியின் பொருளே மாறிவிட்டது. சேர்விஸ் வரிசையை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடாகத் தோன்றியது, ஒவ்வொருவரையும் ஒரு முறையேனும் வலைக்கு முன் கொண்டுவந்து நிறுத்தும் நீதியாயிற்று. உயரமானவரும் ஒருகால் பின்னே சென்று தாழ்ந்து பந்தெடுக்க வேண்டும். குட்டையானவரும் ஒருகால் முன்னே வந்து எழும்ப வேண்டும். 1918இல் அணிக்கு அறுவர் என வரையறுத்தார்கள். சில ஆண்டுகளில் மூன்று தொடுகைக்குள் பந்தை அனுப்ப வேண்டும் என்பதும், பின்வரிசையார் முன்னே வந்து அறைவதற்கான கட்டுப்பாடும் வந்து சேர்ந்தன. இந்த விதிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஓர் ஆட்டத்தை ஒருவர் தமதாக்கிக்கொள்ள முடியாதவாறு போட்ட வேலியாகவே எனக்குத் தோன்றுகிறது. பந்தைப் பிடித்துவைக்க முடியாது. ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொட முடியாது. ஓரிடத்தில் நிலைக்கவும் முடியாது.

ஆனால் ஆசியா அந்த வேலியை ஏற்கவில்லை. இதுதான் நம்மிற் பலர் அறியாத பகுதி.

1913இல் மணிலாவில் தூரகிழக்கு நாடுகளின் முதலாவது விளையாட்டு விழா நடந்தபோது, கரப்பந்தாட்ட அணிக்குப் பதினாறு பேர். நான்கு நான்காக நான்கு வரிசை. பின்னர் அது பன்னிருவராகி, 1927இல் ஒன்பதின்மராயிற்று. மூன்று மூன்றாக மூன்று வரிசை. சீன மொழியில் இவ்விளையாட்டின் பெயருக்கே ‘வரிசைப் பந்து’ என்றுதான் பொருள். இந்த ஒன்பதின்மர் ஆட்டத்தில் சுழற்சி இல்லை. முன்வரிசையார் என்றும் முன்வரிசையார். பின்வரிசையார் என்றும் பின்வரிசையார். சீனாவின் தென்பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று, சலவைக் கடைகளிலும் உணவுக் கடைகளிலும் உழைத்த மக்கள், தங்கள் குடியிருப்புத் தெருக்களில் இந்த ஆட்டத்தையே ஆடினார்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்றும் ஆண்டுதோறும் கூடி ஒன்பதின்மர் போட்டி நடத்துகிறார்கள். ஜப்பானிலும் அது மறையவில்லை. குடும்பப் பெண்களின் கழகங்கள் பல ஒன்பதின்மராகவே ஆடுகின்றன.

உலகச் சம்மேளனம் 1947இல் பாரிசில் அமைந்தது. அது ஏற்றது அறுவர் ஆட்டம். ஆகவே ஆசியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1955இல் தோக்கியோவில் நடந்த முதலாவது ஆசியக் கரப்பந்தாட்டப் போட்டியில் அறுவர் ஆட்டத்துக்கு ஒரு கிண்ணம், ஒன்பதின்மர் ஆட்டத்துக்கு வேறொரு கிண்ணம். அறுவரில் வென்றது இந்தியா. ஒன்பதின்மரில் வென்றது ஜப்பான். 1958இல் தோக்கியோவிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் நடந்த ஆசிய விளையாட்டு விழாக்களிலும் இவ்வாறே இரண்டும் அருகருகே நடந்தன. அறுவரில் இந்தியாவுக்கு முதலில் வெண்கலமும் பின்னர் வெள்ளியும் கிடைத்தன. இந்திய அரசு 1961இல் அர்ஜுனா விருதைத் தொடங்கியபோது, கரப்பந்தாட்டத்துக்காக அதனைப் பெற்றவர் ஏ. பழனிசாமி என்ற தமிழர். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் இவ்விளையாட்டு முதன்முறை இடம்பெற்றபோது அறுவர் ஆட்டமே அரங்கேறியது. போட்டி அப்போதே முடிந்துவிட்டது எனலாம்.

இலங்கைக்கு இது வந்ததும் வை.எம்.சி.ஏ. வழியாகவே. 1916இல் கொழும்புச் சங்கத்தின் உடற்கல்விப் பொறுப்பாளராயிருந்த வோல்ட்டர் கமாக் இதனை இங்கு அறிமுகஞ் செய்தார். மணிலாவில் வெடிகுண்டு வைத்த அதே ஆண்டு. கடலுக்கு அப்பால் சென்னையில் ஹரி பக் 1920இல் உடற்கல்விக் கல்லூரியொன்றைத் தொடங்கி, அங்கிருந்து ஆசிரியர்களை ஊர்தோறும் அனுப்பினார். விதிப்புத்தகம் பாடசாலை வழியாக வந்தது. ஆனால் ஆட்டம் ஊர்வழியாகப் பரவியது. இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை. வட மாகாணத்தில் இன்றும் ‘ஓவர் கேம்’ என்றும் ‘செட்டப் கேம்’ என்றும் இரண்டு வகைப் போட்டிகளுக்குத் தனித்தனியே அறிவித்தல் ஒட்டுவதை அப்பகுதி நேயர்கள் அறிவார்கள். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற நம்மவர் அந்த இரண்டு பெயர்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் அங்கும் இரண்டு கிண்ணங்கள் வைக்கிறார்கள். ஊர் வழக்கு எளிதில் சாவதில்லை.

இங்கே ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் நிலைத்து நிற்பது அநீதியா? ஒன்பதின்மர் ஆட்டத்தை விரும்புவோர் வேறுவிதமாகச் சொல்லுவர். குட்டையானவருக்கும் வயதானவருக்கும் அதில் ஓர் உறுதியான இடம் உண்டு. வலைக்கு முன் வந்து கையெட்டாமல் நாணி நிற்கவேண்டிய நிலை அவருக்கு இல்லை. பின்வரிசையில் பந்தெடுப்பதிலே தேர்ந்தவர் அதற்காகவே மதிக்கப்படுவார். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். ஆனால் எங்கள் களத்தில் நடந்தது அதுவன்று. அங்கே இடத்தைப் பங்கிட்டது உயரமுமன்று, திறமையுமன்று. பெரட்டில் யார் யாருக்கு முன்னே நிற்பார்களோ அதே முறையில் வலைக்கு முன்னும் நின்றோம். காலையில் பெயர் கூப்பிட்ட நிலத்திலேயே மாலையில் பந்து ஆடியதாலோ என்னவோ, அந்த நிலம் எங்களை மறக்கவிடவில்லை.

இதற்கிடையே உலக ஆட்டமும் ஒரு காரியஞ் செய்தது. சுழற்சி விதியை அது நீக்கவில்லை. ஆனால் உள்ளிருந்தே குடைந்தது. விதிப்படி ஆட்டக்காரர் தத்தம் இடத்தில் இருக்கவேண்டியது சேர்விஸ் அடிக்கும் அந்தக் கணத்தில் மட்டுமே. பந்து கையை விட்டதும் எவரும் எங்கும் ஓடலாம். ஆகவே தேர்ந்த அணிகள் அந்தக் கணம் வரை ஒழுங்காக நின்று, அடுத்த கணமே தாம் விரும்பும் இடத்துக்கு மாறிக்கொள்ளக் கற்றன. தூக்கிக்கொடுப்பவர் எங்கிருந்தாலும் வலைக்கு ஓடிவருவார். நெட்டையர் நடுவுக்குப் போவார். பின்வரிசையார் முன்கோட்டுக்கு உள்ளே நின்று எழும்பி அறையக் கூடாது என்பது போன்ற சில தடைகள் மட்டும் எஞ்சின. 1998இல் லிபரோ என்ற புதுப் பாத்திரம் வந்தது. வேறு நிறச் சட்டை அணிந்து, பின்வரிசையில் மட்டும் ஆடி, அறையவோ தடுக்கவோ உரிமையின்றி, பந்தெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர் அவர். நிரந்தரப் பின்வரிசையாருக்கு உலகச் சட்டமே சீருடை தைத்துக் கொடுத்ததைப் பத்திரிகையில் படித்தபோது, எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

இவை யாவும் நம் களத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை நான் அதிபரான பின்னர் கண்டேன்.

என் பாடசாலை மாணவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். கணக்கப்பிள்ளை மகனின் காலம் போய்விட்டது, பந்து பாடசாலையினுடையது. அப்படியிருந்தும் ஒரு மாலை மைதானத்தோரம் நின்று பார்த்தபோது, மூன்று பேரே மாறி மாறிப் பந்தைத் தொடுவதும், மற்ற மூவரும் வெறுமனே கைகோத்து நிற்பதும் தெரிந்தது. எங்கள் பாடசாலையில் மாலை வேளையில் மாணவர், மாணவியர், ஆசிரியர் என எல்லோரும் கலந்து ஆடுவதுண்டு. இளம் ஆசிரியையொருவர் அரைமணி நேரம் நின்றார். நேராக அவர் தலைமேல் வந்த பந்தையும் பக்கத்தில் நின்ற பையன் பாய்ந்து எடுத்துக்கொண்டான். மறுநாள் முதல் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். ‘சேர், தூணுக்குப் பதிலாக நிற்க நான் எதற்கு?’ என்றார்.

அணித் தலைவனை அழைத்து, சுழலாமல் ஆடுவது ஏன் என்று கேட்டேன். நல்ல உயரமான பையன்; பேச்சில் பணிவுள்ளவன். ‘சுழல்கிறோம் சேர். சேர்விஸ் அடித்ததும் இடம் மாறிக்கொள்கிறோம். தொலைக்காட்சியில் எல்லா நாட்டு அணிகளும் அப்படித்தானே ஆடுகின்றன’ என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் காலத்தில் வழக்கம் விதிக்கு எதிராக நின்றது. ஆகவே அதனை வழக்கம் என்று அறிந்துகொள்ள முடிந்தது. இப்போது அதே வழக்கம் விதியின் உடையை உடுத்திக்கொண்டு வந்து நின்றது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆயினும் அதிபர் என்ற அதிகாரத்தால் ஒரு கட்டளை இட்டேன். மாலை ஆட்டத்தில் இடம் மாறக் கூடாது. யார் எங்கே வருகிறாரோ அங்கேயே நின்று அந்த இடத்தின் வேலையைச் செய்ய வேண்டும். முன்னே வந்தவருக்கே பந்தைத் தூக்கிக்கொடுக்க வேண்டும், அவர் யாராயினும். அந்த ஆண்டு வலயப் போட்டிக்கும் அதே முறையில் போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தது சரியன்று, இப்போது சொல்லுகிறேன். முதற் சுற்றிலேயே தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. இறங்கும்போது அந்த உயரமான பையன் என்னிடம் வந்து, ‘சேர், நான் பின்னால் நின்றதால் யாருக்கு இலாபம்?’ என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் அங்கே சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அவன் மாவட்ட அணிக்குத் தெரிவாகும் கனவோடு இருந்தவன். ஒரு காலத்தில் எனக்கு உரிய இடம் மறுக்கப்பட்டது போல, அவனுக்கு உரிய இடத்தை நான் மறுத்துவிட்டேனோ என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். போட்டிக்குச் செல்லும்போது உலக முறை. மாலை ஆட்டத்தில் நம் முறை. விளையாட்டு எதற்காக ஆடப்படுகிறது என்பதைப் பொறுத்து விதியும் வேறுபடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மோர்கன் தம் களைத்த வியாபாரிகளுக்காக ஆக்கிய ஆட்டமும், ஒலிம்பிக் அரங்கத்து ஆட்டமும் பெயரால் ஒன்று, நோக்கத்தால் வேறு. மாலையில் வலை கட்டுவது வெல்வதற்கு மட்டுமன்று. களைப்பாற வந்த ஒருவரை மணிக்கணக்காகப் பந்தே தொடாமல் நிறுத்திவைத்தால், அவர் எதற்காக வந்தாரோ அது கிடைக்காமலே வீடு திரும்புகிறார். நம் ஊர்களில் பலர் இருபத்தைந்து வயதுக்குள் ஆடுவதை விட்டுவிடுவதற்கு வேலையையும் குடும்பத்தையும் காரணமாகச் சொல்லுவர். கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் பின்வரிசையில் நின்று சலித்தவர்களாக இருப்பர்.

ஏற்பாடு இனிதே நடந்தது என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. குட்டையான மாணவனொருவன் முன்னே வரும்போதெல்லாம் அவன் அடித்த பந்து வலையிலேயே விழுந்தது, நண்பர்கள் முனகினார்கள். சில வாரங்கள் சென்றபின் அவனே என்னிடம் வந்தான். ‘சேர், எனக்குப் பின்னால் நிற்பதுதான் பிடிக்கிறது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் எடுத்துவிடுவேன். என்னை லிபரோவாகப் போடுங்கள்’ என்றான். நான் சற்று நேரம் அவனையே பார்த்தேன். என் பதினைந்தாவது வயது அவன் முகத்தில் இல்லை. அவன் முன்னே நின்று பார்த்துவிட்டு, பின்னே நிற்பதைக் கேட்டு வாங்குகிறான். போட்டி அணியில் அவனுக்கு அந்த நிறச் சட்டை கிடைத்தது. மாலை ஆட்டத்தில் மட்டும், மற்றவர்களைப் போல அவனும் சுழல வேண்டும் என்றேன், ஒப்புக்கொண்டான். அந்த ஆசிரியையும் திரும்ப வந்தார். சேர்விஸ் போடுவதில் அவரை வெல்ல இப்போது ஆளில்லை.

2025இல் உலகச் சம்மேளனத்தின் புது விதிகள் நடைமுறைக்கு வந்தன. எனக்கு முன்பே மாணவர்கள் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். ‘சேர், இனிமேல் சேர்விஸ் போடும் அணி எந்த இடத்திலும் நிற்கலாமாம். பந்தை எதிர்கொள்ளும் அணிக்கு மட்டுந்தான் இடக் கட்டுப்பாடாம்’ என்றார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது வெற்றியா விளையாட்டா என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1912இல் போட்ட வேலியில் இன்னொரு கம்பு பிடுங்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

‘சேர்விஸ் போடும் முறை? அதுவுமா மாறிவிட்டது?’ என்று கேட்டேன்.

‘இல்லை சேர். அது முன்போலவே. ஒருவர்பின் ஒருவராக எல்லோருக்கும் வரும்.’

மைதானத்துச் சுவரில் சாய்ந்திருந்த கரும்பலகையில் அன்றைய ஆறு பெயர்களையும் சேர்விஸ் வரிசைப்படி எழுதச் சொன்னேன். ஐந்து மணியாகிவிட்டது. வலை கட்டப் போனார்கள்.